அறுபத்தைந்து அங்குலத்தில் அக்கா

வீட்டின் வடக்குச் சுவரில் அறுபத்தைந்து அங்குல டிவியை மாட்டிய அன்று அக்கா அதில் முதலில் போட்டுப் பார்த்தது சினிமா அல்ல. ஒரு பனியனின் முன்பக்கம்.

அக்கா துளசிமணி திருப்பூரில் இருபத்தெட்டு வருடம் பேட்டர்ன் போட்டவள். வெளிநாட்டுக் கம்பெனி ஒரு சட்டையின் படத்தையும் அளவுகளையும் அனுப்பும். துணியை எப்படி எப்படித் துண்டாக வெட்டினால் தைத்த பிறகு அது உடம்பில் ஒழுங்காக உட்காரும் என்று கணினியில் கோடு போட்டுக் கொடுப்பது அவள் வேலை. பதினைந்து அங்குலத் திரையில் குட்டிக் குட்டியாகப் பார்த்துப் பார்த்து அவளுடைய கழுத்தும் கண்ணும் போயிருந்தன. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சட்டைத் துண்டு அசல் அளவில் தெரிய வேண்டும்.

"அம்மாம் பெரிய மானிட்டரு கெடைக்காதாம் வேணி. டிவி வாங்கி ஒயரைச் சொருகிக்கலாம்னு சொல்றாங்க."

"டிவியிலயா பனியன் வரையப் போறே?"

"ஏன், நீ சீரியல் பாத்து அழுவே, நான் பனியன் பாத்து அழுவேன். ஆளுக்கொரு அழுகை."

அவள் பேச்சு அப்படித்தான். அவளைப் பெண் பார்க்க வந்தவரிடம், "உங்க சட்டை தோள்ல உக்காரலீங்களே, யார் வெட்டுனது?" என்று கேட்டு அனுப்பிவைத்தவள். அதன் பிறகு யாரும் பார்க்க வரவில்லை. என் கணவர் கல்யாணமான நான்காம் வருடம் இறந்துபோனார். நான் பெட்டியோடு வந்து நின்றபோது, "வந்துட்டயா, அரிசி ஊற வெச்சிருக்கறேன், ஆட்டு" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன ஆறுதல். அதற்குப் பிறகு முப்பது வருடம் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதிப் பிழைத்தேன்.

புது டிவி வந்ததில் அக்காவுக்குக் குழந்தையின் சந்தோஷம். அளவு நாடாவைத் திரை மேலேயே வைத்துப் பார்ப்பாள். துணியைத் திரையோடு ஒட்டிப் பிடித்து, "பாருடி, கையைக் கூட இங்கயே நொழைச்சுக்கலாமாட்ட இருக்குது" என்பாள். அவள் இழுத்த கோடுகள் அந்தத் திரையில் அத்தனை அழகாக வளைந்தன.

எட்டு மாதம் கழித்து கட்டிங் மாஸ்டர் பெருமாள்சாமி ஒரு காகிதச் சுருளோடு வந்தார்.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கழுத்தைப் பாருங்க. எலி கடிச்சாப்ல இருக்குதுங்க."

அக்கா காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அதே பேட்டர்னை டிவியில் திறந்து காட்டினாள். கழுத்து வளைவு வழவழவென்று இருந்தது.

"இங்க பாருங்க மாஸ்டர், வெண்ணெயாட்ட இருக்குது. உங்க பிரிண்டருக்குத்தான் வாதம்."

அவர் திரையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிரிண்டராத்தாங்க இருக்கோணும்" என்று போய்விட்டார். பழியைப் பிரிண்டர் மேல் போட்டே இன்னும் நான்கு மாதம் ஓட்டினோம். பிறகு ஒரு நாள் காபி டம்ளர் அக்காவின் கையிலிருந்து நழுவியது. இன்னொரு நாள் ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை. கோயம்புத்தூரில் டாக்டர் சபாநாயகம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கோடு போடற வேலைங்கறீங்க. நடுக்கம் தெரியலையா? ஒரு வருஷமாவது இருந்திருக்கணுமே."

"இல்லீங்களே. கோடு நேராத்தான் வந்துச்சு."

நரம்பு தசைகளுக்குச் சேதி சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொள்ளும் நோய் அது. முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் ஒரு மயிரிழை குறையாமல் அப்படியே இருக்கும் என்றார். இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் நான் மிகவும் சரியாக நினைவில் வைத்துக்கொண்டேன்.

"போகப் போகச் சிரிக்கறதும் அழறதும் அவங்க கையில இருக்காது. காரணமே இல்லாம அழுவாங்க, சிரிப்பாங்க. அதைப் பாத்து நீங்க பயப்படக் கூடாது. எழுதற வரைக்கும் எழுதச் சொல்லுங்க. அதை நம்புங்க."

எனக்கு அது புதிதல்ல. எங்கள் தொழிலில் முகத்துக்கு மதிப்பில்லை. சொத்தை விற்கிறவர் அழுதுகொண்டே இருப்பார், வாங்குகிறவர் முறைத்துக்கொண்டே இருப்பார். எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்.

ஒன்றரை வருடத்தில் பேச்சு போனது. கட்டிலை டிவிக்கு நேராகப் போட்டோம். மருத்துவமனையில் கொடுத்த ஒரு மென்பொருளைக் கணினியில் ஏற்றினோம். திரையின் அடியில் எழுத்து வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அக்கா வலது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு வரிக்குப் பத்து நிமிடம், சில நாள் இருபது. தப்பும் தவறுமாக எழுத்துகள் வந்து நிற்கும்; அதைக் கூட்டிப் படிக்காமல், வரி முடியட்டும் என்று இருந்துவிடுவேன். அக்கா வரியை முடித்து ஒரு மூச்சு விடுவதற்குள் அவை தானாக ஒழுங்குபட்டு நல்ல வாக்கியமாகிவிடும். கணினி திருத்திக்கொடுக்கிறது என்று நினைத்தேன். கணினிக்கென்று தனித் திரை கிடையாது. அது கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒரு கறுப்புப் பெட்டி. நாங்கள் பார்த்ததெல்லாம் டிவியைத்தான்.

எழுத ஆரம்பித்த பிறகு அக்கா மாறிப்போனாள்.

பல்லடத்து அத்தை, எங்கள் அப்பாவின் தங்கை, ஒரு நாள் பார்க்க வந்தாள். அக்காவுக்கும் அவளுக்கும் இருபது வருடமாக ஆகாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அத்தை மூக்கைச் சிந்த, அக்காவின் கட்டைவிரல் வேலை செய்தது. திரையில் வாக்கியம் வந்து நின்றது: *அத்தை வந்திருக்கிறார்கள். என்னைப் பார்க்க வந்ததற்கு மகிழ்ச்சி.*

"பாத்தயா வேணி," என்று அத்தை ஓவென்று அழுதாள். "வாய் இருந்தப்போ என்னைய ஒரு நாளு இப்பிடிச் சொல்லியிருப்பாளா? தங்கமான புள்ளை. நோவு வந்துதான் தெரியுது."

எல்லோரும் அதையே சொன்னார்கள். நோய் அவளைப் பக்குவப்படுத்திவிட்டதாம். வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்கும் அது பிடித்திருந்தது. முப்பது வருடம் அவளிடம் குத்துப்பட்டு வாழ்ந்தவள் நான். காலையில் எழுந்து வந்தால் எதிரே சுவர் அளவு எழுத்தில் நன்றியும் வணக்கமும் இருந்தன. *டிவி நன்றாகத் தெரிகிறது* என்று ஒரு நாள் எழுதினாள். நான் சந்தோஷப்பட்டு மெல்லிய துணியால் திரையைத் துடைத்துவிட்டேன். *தண்ணீர் வருகிறது* என்று சில நாள் வரும். தாகத்தை அப்படிச் சொல்கிறாள் என்று ஸ்பூனில் சொட்டுச் சொட்டாக வாயில் விடுவேன். கொஞ்ச நேரத்தில் படுக்கை நனைந்திருக்கும், அக்கா முகம் கோணி அழுவாள். டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு துணியை மாற்றுவேன்.

மூச்சு குறைய ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் சபாநாயகம் வீட்டுக்கே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"துளசிமணிம்மா, மறைக்காமச் சொல்றேன். இன்னும் கொஞ்ச நாள்ல மூச்சு பத்தாது. தொண்டையில ஒரு ஓட்டை போட்டுக் குழாய் வெச்சு மிஷின்ல மாட்டுனா, ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட இருக்கலாம். ஆனா கட்டில்தான். போகப் போக இப்ப இருக்கற அசைவும் போயிரும். ஒரு தடவை வெச்சுட்டா எடுக்கறது லேசில்லை. வேண்டாம்னா அதையும் சொல்லுங்க. திணறல் தெரியாம மருந்து கொடுத்து நான் கூடவே இருந்து பாத்துக்கறேன். ரெண்டுமே தப்பில்லை. உங்க உடம்பு, உங்க முடிவு."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். கட்டைவிரல் அழுத்த ஆரம்பித்தது. நான் டாக்டருக்குக் காபி கலக்கப் போனேன். அவர் குடித்து முடித்தும் அக்கா எழுதிக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நான் வந்து நின்றபோது வரி முடிந்து ஒழுங்காகியிருந்தது.

*விடுங்கள், தூங்குகிறேன்.*

எழுதியதை எழுதிக்கொடுத்தவருக்கே வாசித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்பது எங்கள் தொழில் வழக்கம். யாருக்கும் தவறியதில்லை. அக்காவுக்கும் வாசித்தேன். "'விடுங்கள், தூங்குகிறேன்.' இதானே அக்கா நீ சொன்னது?"

அக்காவின் முகம் சுருங்கியது. கண்ணீர் கொட்டியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம்.

"களைச்சுட்டாங்க," என்றார் டாக்டர்.

"அழறாங்களே டாக்டர்?"

"அதை வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாதும்மா. தூங்கட்டும். அவசரமில்லை, வர்ற ஞாயித்துக்கெழமை வந்து கேக்கறேன்."

கட்டைவிரல் மறுபடி அசைந்தது. அவர் பையை மூடிக்கொண்டு காத்திருந்தார். *நன்றி டாக்டர்* என்று வந்தது. அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. புதன்கிழமை மதியம் அக்காவுக்கு மூச்சு அடைத்தது. உதடு நீலமானது. ஆம்புலன்ஸில் போனோம். அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் என்னைத் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள்.

"குழாய் வேண்டாம்னு சொல்லியிருக்காங்களா? எழுதிக் கொடுத்திருக்காங்களா?"

"இல்லீங்க. அப்பிடி எதுவும் எழுதலீங்க."

"அப்ப போட்டுரலாம். சீக்கிரம், இங்க கையெழுத்து."

முப்பது வருடம் யாரையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட விட்டதில்லை நான். அன்று நீட்டிய இடத்திலெல்லாம் போட்டேன்.

அக்கா இன்னும் பதினோரு மாதம் இருந்தாள். ஐப்பசியில் ஒரு காலை நான் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் போய்விட்டாள். மிஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவள் எழுதியதையெல்லாம் ஒரு சிறு புத்தகமாக அச்சடித்துப் பதினாறாம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த மென்பொருள் ஒவ்வொரு வரியையும் தேதி, நேரத்தோடு சேர்த்து வைத்திருந்தது. கறுப்புப் பெட்டியை ஆட்டோவில் வைத்து நஸீமாவின் கடைக்குக் கொண்டுபோனேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் டிடிபி கடை வைத்திருப்பவள். இருபது வருடப் பழக்கம். பெட்டியைத் தன் சின்ன மானிட்டரில் மாட்டித் திறந்தாள். வாசிக்க ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

"வேணிம்மா, இதையா அச்சடிக்கச் சொல்றீங்க?"

"ஏம்மா?"

"பல்லடத்து அத்தைன்னா யாருங்க?"

"எங்கப்பாவோட தங்கச்சி."

"அவங்களுக்கும் இந்தப் புக்கு போகுமா?"

"மொதல் புக்கே அவங்களுக்குத்தான்."

நஸீமா மானிட்டரை என் பக்கம் திருப்பினாள்.

*அத்தைக் கெளவி வந்துட்டா. செத்துட்டனான்னு பாக்க வந்திருக்கறா. போகச் சொல்லு.*

வேறு யாருடைய கோப்போ என்றேன். தேதியைக் காட்டினாள். அத்தை வந்த தேதி, அத்தை வந்த நேரம். அடுத்த வரியைக் காட்டினாள். *இந்த டிவியை ஒடைக்கணும்.* நான் துணியால் துடைத்துவிட்ட நாள்.

"இது மாத்தி மாத்திக் காட்டுதும்மா உன்ற மானிட்டர்," என்றேன்.

"இல்லீங்க வேணிம்மா. இது உள்ள இருக்கறதை அப்பிடியே காட்டுது. உங்க வீட்ல என்ன டிவி?"

சொன்னேன். அவள் கை நெற்றிக்குப் போனது.

"எங்க வீட்லயும் அதேதான். அது வர்ற படத்தை அப்பிடியே காட்டாதுங்க. படம் எப்பிடி இருந்திருக்கணும்னு அதுவா யோசிச்சு, அதைத்தான் காட்டும். ஆட்டம் இருந்தா நிறுத்தும், கோணல் இருந்தா நேராக்கும். பழைய படத்துல கிழிஞ்ச மூஞ்சியைக்கூட நெரப்பிரும். கீழ ஓடற எழுத்துல ரெண்டு விட்டுப்போனா அதுவே போட்டுக்கும்."

"எழுத்தை நெரப்புனாச் சரி. வார்த்தையே வேற இருக்குதே?"

"அது குடும்பப் பார்வைங்க. கொழந்தைங்க இருக்கற வீட்டுக்குன்னு கடையில இருந்தே போட்டு அனுப்பறாங்க. திட்டு, சாவு, அருவருப்பான பேச்சு எல்லாத்தையும் மெதுவாக்கிரும். ரொம்பக் கடுப்பா ஏதாச்சும் வந்தா நன்றி, வணக்கம்னு போட்டுட்டுப் போயிரும். எங்க வீட்ல வில்லன்கூட 'தயவுசெய்து'ன்னுதான் பேசறான்."

"கம்ப்யூட்டர்ல இருந்து வர்றதுக்குமா அப்பிடிப் பண்ணும்?"

"பண்ணாது. கம்ப்யூட்டர்னு தெரிஞ்சா ஒண்ணையும் தொடாது. அதுக்குத் தெரியற வழி ஒயர் சொருகற எடத்தோட பேர்தாங்க. ரிமோட்ல பட்டியல் வரும் பாருங்க, கம்ப்யூட்டர், கேம், பிளேயர்னு. அதுல கம்ப்யூட்டர்னு வெச்சிருந்தா ஒரு வம்பும் இல்லை. நீங்க என்ன வெச்சீங்க?"

டிவி வந்த அன்று ரிமோட் என் கையில்தான் இருந்தது. பட்டியலைப் பார்த்தேன், கம்ப்யூட்டர் என்ற சொல் உயிரில்லாமல் இருந்தது. தள்ளிவிட்டு நானே ஒரு பெயரை அடித்தேன்.

"அக்கான்னு வெச்சேன்."

"டிவி அதைச் சினிமாப் படம்னு நெனைச்சிருக்கும்," என்றாள் நஸீமா.

எல்லாவற்றையும் காகிதத்தில் அடித்துக் கொடுத்தாள். எழுபத்திரண்டு பக்கம். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பழையபடி டிவியில் மாட்டினேன். காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தேன். நகலை அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை எத்தனையோ ஆயிரம் முறை செய்திருக்கிறேன். மடியில் அசல், சுவரில் நகல். காகிதத்தில் புள்ளிகளும் கொம்புகளும் விட்டுப்போயிருந்தன. அவற்றை மட்டும் இங்கே போட்டுத் தருகிறேன். வார்த்தை எதையும் தொடவில்லை.

*மூத்திரம் வருதுன்னா தண்ணி ஊத்தறா. இவளையெல்லாம் யாரு பத்திரம் எழுத விட்டாங்க.*

சிரித்துவிட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவின் குரல் கேட்டது. வீடே அந்தக் குரலால் நிறைந்தது போல இருந்தது. தொடர்ந்து பக்கங்களைப் புரட்டினேன். டாக்டர் வந்த ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கத்தில் வரும் என்று தெரிந்துகொண்டேதான் புரட்டினேன்.

சுவரில்: *விடுங்கள், தூங்குகிறேன்.*

மடியில்: *ஓட்டை கீட்டை வேண்டா. விடுங்க சாகறேன்.*

அதற்கு அடுத்த வரி. சுவரில்: *நன்றி டாக்டர்.*

மடியில்: *டிவி பொய் டாக்டரே.*

அதற்கு மேல் அன்று படிக்கவில்லை. எழுந்து போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஒரே கட்டைவிரலால் அவள் சொன்னது அது. கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், தன் சொல் தன் எதிரிலேயே வேறாக மாறி நிற்பதை. அந்தப் பொய்யை நான் உரக்க வாசித்து, இதானே நீ சொன்னது என்று கேட்டிருக்கிறேன். அவள் முகம் முழுவதும் இல்லை என்றது. முகத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மீதிப் பக்கங்களைப் படித்து முடிக்க ஐந்து நாள் ஆயிற்று.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று: *மிஷினை மாட்டிட்டா. எங்கிட்டக் கேட்டாங்க, வேண்டான்னு சொல்லியும் மாட்டிட்டா.* சுவரில், *வீட்டுக்கு வந்தது மகிழ்ச்சி.* அதைப் படித்து நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதது நினைவிருக்கிறது.

அதன் பிறகு நாற்பது நாள் ஒரே வரி. காலையில் கண் விழித்ததும் அதை மட்டும் எழுதியிருக்கிறாள். மடியில், *வேணி நாயே.* சுவரில், *காலை வணக்கம் வேணி.* நாற்பது நாளும் நான் காபி டம்ளரோடு நின்று, "காலை வணக்கம் அக்கா" என்று சொல்லியிருக்கிறேன்.

நாற்பத்தோராம் நாள்: *நாயேன்னு திட்டுனா பல்லைக் காட்டிட்டு வணக்கம் சொல்றா. எனக்கே சிரிப்பு வந்துருச்சு.*

அன்று அவள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காரணமில்லாத சிரிப்பு என்று நினைத்துக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டேன்.

ஏழாம் மாதம்: *மன்னிக்கலை. வெள்ளிக்கெழமை தலைக்கு ஊத்தறப்ப உன்ற கை சூடு நல்லாருக்குது. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதே.* சுவரில் இருந்தது நான்கே சொற்கள்: *உன் அன்புக்கு மிக்க நன்றி.*

அந்த நன்றியை விட, மன்னிக்காமல் அவள் சொன்னதைத்தான் நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமை மட்டும் ஊற்றியிருக்க மாட்டேன். தினமும் ஊற்றியிருப்பேன்.

கடைசி வரி இறந்த நாளுக்கு முந்தின காலை. *வேணி நாயே.* அன்றும் நான் காபி டம்ளரோடு நின்று வணக்கம்தான் சொல்லியிருப்பேன்.

பதினாறாம் நாள் வந்தது. பந்தி முடிந்ததும் பல்லடத்து அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புக்குப் போடறேன்னு சொன்னயேடி? அவ என்னையப் பத்தி எழுதுனது எங்க?"

"பிரிண்டர் கெட்டுப்போச்சுங்க அத்தை."

"எனக்கு மனசுல இருக்குது, விடு. வந்ததுக்கு மகிழ்ச்சின்னு எழுதுனாளே, அந்த ஒரு சொல்லு போதும் எனக்கு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் தட்டில் இன்னொரு வடை வைத்தேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, வெயில் இன்னும் கூடத்தில் இருக்கும்போது, டிவியைப் போட்டேன். அக்காவின் கோப்பைத் திறந்து, அவளுடைய கடைசி வரிக்குக் கீழே போய் நின்றேன். அவளுக்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. அவள் எழுதிய அதே பொத்தானை எடுத்து என் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எழுத்துகள் வரிசையாக ஒளிர்ந்தன. நானும் பல எழுத்துகளைத் தவறவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

*அக்கா நீ சாகறேன்னு சொன்னே. நான் விடலை. பதினோரு மாசம் உன்னைச் சித்திரவதை பண்ணிட்டேன்.*

கையை எடுத்தேன். ஒரு மூச்சு நேரம் வரி அப்படியே இருந்தது. பிறகு லேசாக நடுங்கி, ஒழுங்குபட்டு நின்றது.

*அக்கா, நீ தூங்க வேண்டும் என்றாய். நான் உன்னைத் தனியே விடவில்லை. பதினோரு மாதம் உன்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன்.*

அறுபத்தைந்து அங்குலம். கண்ணாடி போடாமலே கூடத்தின் எந்த மூலையிலிருந்தும் படிக்கலாம். அழகான எழுத்து. அதில் ஒரு சொல்கூட யாரும் மறுக்கக் கூடியதல்ல. அத்தை படித்தால் அழுவாள். டாக்டர் படித்தால் தலையசைப்பார். நானே ஒரு முறை படித்தேன், இன்னொரு முறையும் படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது மனம் கொஞ்சம் லேசாவது தெரிந்தது. அது தெரிந்ததும் டிவியை அணைத்துவிட்டேன்.

மேசையிலிருந்து என் பேனாவை எடுத்தேன். காகிதக் கட்டின் கடைசிப் பக்கத்தில், *வேணி நாயே* என்ற வரிக்குக் கீழே, கையால் எழுதினேன்:

நீ வேண்டாம் என்றாய். நான் கேட்கவில்லை.

ஊர், தேதி போட்டேன். அ. அம்சவேணி என்று கையெழுத்திட்டேன். அதற்குக் கீழே, எத்தனையோ பேருடைய பத்திரங்களின் முடிவில் எழுதிய குறிப்பை எனக்காக ஒரு முறை எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை.